ஹெல்மெட்டில் ஒரு மஞ்சள் பூ

"தலைய ஆட்டாத ரேவின், பூ கோணிக்கும்!"

தங்கை மாட்டியிருந்த மோட்டார் பைக் ஹெல்மெட்டில் மஞ்சள் பெயின்ட்டால் பெரிய பூ ஒன்றை வரைந்தான் மர்ரே.

"நான் போராட்டத்துக்குப் போறேனா, கல்யாணத்துக்கா அண்ணா?"

"அவ்வளவு பெரிய கூட்டத்துல நீ எங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

1981. நிறவெறி ஆட்சி நடக்கும் தென்னாப்பிரிக்காவின் ரக்பி அணி சனிக்கிழமை நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆடுகிறது. ஆட விடவே கூடாது என்று ரேவினின் கல்லூரியே திரண்டிருந்தது.

"சட்டைக்குள்ள அட்டை வெச்சுக்க. தடி முதல்ல தோள்லதான் விழும்."

"உனக்குத் தெரியாததா!" என்று சிரித்தாள் ரேவின்.

சனிக்கிழமை மைதானத்துக்கு வெளியே கோஷம் காதைப் பிளந்தது. கலவரத் தடுப்புப் போலீஸ் நீண்ட தடிகளோடு முன்னேறியது. அந்தப் போலீஸ் வரிசையில் சீருடையோடு நின்ற மர்ரே மஞ்சள் பூவைத் தேடினான். அந்த ஒரு தலையை விட்டுவிட்டால் போதும். மற்றவர்களை வெளுத்து வாங்கிவிடலாம்.

எதிரே நாற்பது பேர் கைகோத்து நின்றார்கள். எல்லோருடைய முகத்தையும் ஹெல்மெட் கண்ணாடி மறைத்திருந்தது. நாற்பது ஹெல்மெட்டிலும் மஞ்சள் பூ!

மர்ரே ஓங்கிய தடி அப்படியே நின்றது.

"அடி அண்ணா!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கூவியது. "உன் தங்கச்சி யாருன்னு பார்த்து அடி!"