மெழுகு விட்ட பிடி

மருந்துக் கூடத்தில், சாராயம் நிறைந்த குப்பிக்குள் கஞ்சாச் சாறும் மெழுகும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. செடியில் இருந்த நாள் முதல் வெயில் மழை படாமல் சாற்றைப் போர்த்திக் காத்தது மெழுகுதான்.

குப்பியைத் தூக்கி பிரீசருக்குள் வைத்தார்கள்.

"ஐயோ, பிள்ளை நடுங்குமே!" என்று மெழுகு சாற்றை இன்னும் இறுக்கிக்கொண்டது.

"எனக்குக் குளிரலைம்மா. நீதான் நடுங்குறே," என்றது சாறு.

சாராயம் மெல்லச் சொன்னது: "தாயி, நீ விடலைன்னா பிள்ளை கலங்கலாவே இருக்கும். கலங்கின மருந்தைக் கீழே கொட்டிடுவாங்க."

"ஆண்டவரே, நீரே பார்த்துக்கொள்ளும்," என்று மெழுகு வெள்ளையாய் உறைந்து பிடியை விட்டது. குப்பியை எடுத்து வடிகட்டும் தாளில் ஊற்றினார்கள்; தாள் மெழுகை ஏந்திக்கொண்டது.

தெளிந்த சாறு சொட்டுச் சொட்டாய் இறங்கியது. "போயிட்டு வரேம்மா!"

திரும்பி வர வழியில்லை என்று மெழுகுக்குத் தெரியும். ஆனாலும், "பார்த்து வா சாமி," என்றது.