ஞாயிற்றுக்கிழமைப் படகு

"எங்க பங்களாவே கடலைப் பார்த்துதான் இருக்கு. ஆனா படகை அங்க கொண்டுவந்து நிறுத்தினா புல்தரை பாழாயிடும்னு தோட்டக்காரர் கோவிச்சுக்கிறார்" என்றாள் மனைவி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே.

படகுத்துறை மேனேஜர் "ஓஹோ" என்று தலையாட்டினார். பக்கத்து நாற்காலியில் கணவன் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தான். பங்களா வரைக்கும்தான் பேசி வைத்திருந்தார்கள். தோட்டக்காரர் திடீரென்று முளைத்தவர்.

பங்களாவும் கிடையாது, புல்தரையும் கிடையாது. அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனைப் பெண். முகத்தில் இருந்த கறுப்புக் கண்ணாடிகூடக் கடைச் சரக்குதான். சாயங்காலத்துக்குள் திரும்பிப் போய் ஷோகேஸில் உட்கார வேண்டும். விலைச்சீட்டைப் பிய்க்க முடியாதென்பதால் காதோரம் கூந்தலுக்குள் செருகி வைத்திருந்தாள்.

இருக்கிற வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். இந்த நகரத்தில் இன்னொரு வீடு பிடிக்க இரண்டு பேர் சம்பளமும் போதாது. மிச்சம் இருந்தது மாமனார் விட்டுப்போன பாய்மரப் படகு ஒன்றுதான். அதற்குள் நாலு பேர் படுக்கலாம், மூலையில் ஒரு அடுப்பும் உண்டு. அதை மலிவாக நிறுத்திவைக்க ஓர் இடம் கிடைத்தால் பிள்ளைகளுக்குத் தலைக்கு மேல் கூரை. கிடைக்காவிட்டால் நடுத்தெரு.

ஆனால் போன இடமெல்லாம் ஒரே பல்லவி: படகில் யாரும் குடியிருக்கக் கூடாது. ஒரு துறையில் இவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உண்மையைச் சொல்லப்போக, காவலாளி கேட் வரைக்கும் கூடவே வந்து வெளியே விட்டுவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் மனைவி தீர்மானமாகச் சொன்னாள்: "இனிமே நீங்க பேசாதீங்க. நான் பார்த்துக்கிறேன்."

இங்கே வாடகை கொள்ளை மலிவு. ஆனால் அறைச் சுவரில் 'படகுகளில் இரவு தங்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை முறைத்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே படகுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு படகுக்கும் எதிரே, மரப் பாலத்தில் ஒரு கால்மிதி.

"பாருங்க, பணக்காரங்க பணக்காரங்கதான். படகுக்குப் போறதுக்குக்கூட காலைத் துடைச்சுட்டுப் போறாங்க" என்று உள்ளே வரும்போதே மனைவி அவன் காதைக் கடித்திருந்தாள்.

"எப்பெப்போ வருவீங்க மேடம்?" என்று கேட்டார் மேனேஜர்.

"ஞாயித்துக்கிழமை மட்டும். ஒரு ரவுண்டு போயிட்டு இருட்டுறதுக்குள்ள கிளம்பிடுவோம்."

"ராத்திரி தங்கிற பழக்கம் உண்டா?"

"ஐயய்யோ, படகுலயா? எனக்கு ஏசி இல்லைன்னா தூக்கமே வராது சார்!"

கணவன் இருமிச் சமாளித்தான். வீட்டில் இருந்தது ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் குச்சியால் தள்ளிவிட்டால்தான் சுற்றும்.

"சமையல் கிமையல்?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? சமையல்காரம்மா இருக்காங்க. எங்க நாய்ங்க ரெண்டுக்கும் சேர்த்து அவங்கதான்."

நாய்கள் வேறா! இருந்தாலும் கணவனுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. இவ்வளவு சரளமாகப் புளுகுகிறவளை வைத்துக்கொண்டு இத்தனை நாள் தானே பேசிக்கொண்டிருந்தோமே என்று நினைத்துக்கொண்டான்.

மேனேஜர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். இடம் இல்லை."

"ஏன் சார்? அதோ, ரெண்டு இடம் காலியாத்தானே இருக்கு?"

"இருக்கு. ஆனா உங்களை மாதிரிப் பெரிய இடத்துக்கு இது சரிப்பட்டு வராது. நகரத்துக்குள்ள பெரிய துறை இருக்கு, அங்க பாருங்க."

மனைவியின் முகம் தொங்கிப்போனது. அவளை அப்படிப் பார்க்கக் கணவனுக்குப் பொறுக்கவில்லை. எப்படியும் காரியம் கெட்டுவிட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"சார், பங்களாவும் இல்லை, நாயும் இல்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணணும். பிள்ளைங்களைக் கூட்டிட்டு அந்தப் படகுலதான் வந்து இருக்கலாம்னு நினைச்சோம். வேற போக்கிடம் இல்லை சார்."

மேனேஜர் நம்பவில்லை. "வாடகை குறைச்சல்னா பங்களாக்காரங்க என்ன கதை வேணா சொல்வாங்க. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

மனைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. கண்ணாடியின் காதிலிருந்து விலைச்சீட்டு நூலில் தொங்கியது.

மேனேஜர் சீட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். காவலாளியைக் கூப்பிடப் போகிறார் என்று கணவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவர் ஜன்னலைத் திறந்து, முதல் படகைப் பார்த்துக் கை தட்டினார். கையில் கரண்டியோடு ஒரு பெண்மணி அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏய், இவங்களும் நம்மளை மாதிரிதான், அந்தப் புதுக் கால்மிதியை எடுத்துட்டு வா!"