அளவெடுத்த கோட்டு

"பிள்ளை, ஒருக்காத் திரும்பிப் பார். துரை மாதிரி இருக்கிறனோ?"

செலீனா திரும்பினாள். தலைமன்னார்க் கரையில் ஆயுசெல்லாம் வெறும் மேலோடு வலை இழுத்த அப்பா எமிலியானுஸ், கறுப்புக் கோட்டுக்குள் நின்றார்.

வெள்ளிக்கிழமை பட்டமளிப்பு விழா. "வீட்டாக்களை உள்ள விடமாட்டினம் அப்பா" என்று பச்சைப்பொய் சொல்லி வைத்திருந்தாள். இடுப்பில் கட்டிய சாரத்தோடு அவர் வந்து நின்றால் கூட்டாளிகள் முகத்தில் எப்படி முழிப்பது? இவரென்றால், இருமலுக்கு மருந்தெடுக்க யாழ்ப்பாணம் பெரியாசுபத்திரிக்குப் போய் வந்த கையோடு, தையற்காரர் சரிபுதீனிடம் அளவு கொடுத்துக் கோட்டே தைத்துவிட்டார்.

இத்தனைக்கும் அவள் ஆய்வு செய்தது ஒல்லாந்தர் காலத்து அச்சுப்படங்களை. முத்துக்குளிப்புப் படத்தில் கோட்டும் தொப்பியும் போட்டவன் துரை, வெறும் மேலோடு நிற்பவனுக்குப் பெயர்கூட இல்லை என்று பக்கம் பக்கமாகக் கொதித்திருந்தாள். பேராசிரியர் மெச்சினார். எல்லாம் ஊருக்கு உபதேசம்!

"இதென்னப்பா, பொக்கற்றே இல்லை? சரிபுதீன் நானா நித்திரையில தைச்சவரோ?"

"நான்தான் வேணாமெண்டனான். எதைக் கொண்டுபோக?" சிரித்தவருக்கு இருமல் பிடித்தது. கட்டிலில் குந்தினார்.

அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"அப்பா, நான் பொய் சொன்னனான். எல்லாற்ற தாய்தேப்பனும் வருவினம். உங்களைக் கூட்டிக்கொண்டு போக எனக்குத்தான் வெக்கம்."

எமிலியானுஸ் பொத்தான்களைக் கழற்றினார்.

"கழட்டாதேங்கோ! கோட்டோடயே வாங்கோ. முன்வரிசையில இருங்கோ. எவன் கேக்கிறானெண்டு பாப்பம்!"

"பொய்யெண்டு அண்டைக்கே தெரியும். உனக்குப் பொய் சொன்னாக் காது சிவக்கும்." அவர் குரலில் கோபமில்லை, அதுதான் அவளைச் சுட்டது. "நல்ல சாரமொண்டு தோய்ச்சுப் போட்டிருக்கிறன். உனக்குத் தெரியாம வந்து, மதிலுக்கு வெளியில நிண்டு பாப்பமெண்டு இருந்தனான்."

"சாரத்தோடயோ? அப்ப இந்தக் கோட்டு?"

அவர் கோட்டை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"எங்கட ஆக்கள் கோட்டுப் போடுறது ஒருக்காத்தான் பிள்ளை, சவப்பெட்டிக்குள்ள."