அம்மா பெயர் முதலில்

லோரீன் எஞ்சினை நிறுத்துகிறாள். பன்னிரண்டு பயணிகளோடு எங்கள் சின்னக் கப்பல் குடாவின் வாயில் மிதந்து நிற்கிறது. எதிரே பனியாற்றின் செங்குத்துச் சுவர் காலை வெயிலில் நீலமாய் ஒளிர்கிறது. மிதக்கும் பனிக்கட்டிகள் உருகும்போது சடசடவென்று பொரிகின்றன. அடுப்பை அணைத்துவிட்டு மாவுக் கையோடு நானும் மேலே வருகிறேன். கப்பல் என் தங்கை லோரீனுடையது, அவளே கேப்டன். இது முதல் பயணம்.

"என்ன கேப்டன், ரிப்பேரா?" என்கிறார் பயணிகளில் ஒருவரான டாக்டர் விட்காம்.

"இல்ல டாக்டர். இது எங்க பழங்குடி முன்னோர் வாழ்ந்த இடம். யாருன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போகணும்."

"யார்கிட்ட? ஆளையே காணோமே!"

"பனிகிட்டத்தான்."

லோரீன் தொப்பியைக் கழற்றுகிறாள். "நான் கேப்டன் லோரீன்…" என்று ஆரம்பிக்கிறாள்.

"அடியே, கேப்டன் ஆனதும் அம்மா பேரை முழுங்கிட்டியா?" என்கிறேன்.

நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். எங்கள் வழக்கத்தில் பெற்றவள் பெயர்தான் முதலில். அம்மா இதே கடலில் பெரிய கப்பல்களில் தட்டு கழுவியவள். பயணிகள் நிற்கும் மேல்தளத்தில் அவளை ஒருநாளும் கால் வைக்க விட்டதில்லை.

"நான் ஏக்னஸ் மகள்!"

பனிச்சுவரில் மோதி, குடா முழுக்க அம்மாவின் பெயர் சுற்றி வருகிறது. பயணிகள் கேமராக்களைத் தாழ்த்துகிறார்கள். டாக்டரும் தொப்பியைக் கழற்றுகிறார்.

"எங்கம்மா ஹேசல்…" என்று முணுமுணுக்கிறார்.

"கத்திச் சொல்லுங்க டாக்டர்," என்கிறாள் லோரீன். "எங்கம்மா பேரு எவ்வளவு தூரம் போச்சு, பாத்தீங்கல்ல?"