பன்னிரண்டு பேர், பதினான்கு நாள்

“இந்த ஏழாம் நம்பர் ஆளு மட்டும் என் கையில கிடைச்சாரு, அவ்வளவுதான்!” திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள் செயலிக்காரி. நேற்றுவரை பன்னிரண்டு புள்ளிகளும் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. இன்று ஏழாவது மட்டும் சாம்பல் நிறம்.

“என்ன, உன் டீ கோஷ்டி மறுபடியும் காலை வாரிட்டாங்களா?” என்றான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன்.

“சிரிக்காதீங்க. ஒருத்தர் ஒருநாள் திறக்கலைன்னாலும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பதினோரு நாள் தண்ணியில போச்சு.”

இணையப் பக்கங்களைப் போனுக்கான நிஜச் செயலியாக மாற்றித் தருவதுதான் அவள் தொழில். இரண்டு மாதம் முன்பு ஒரு பெரியவர் கூப்பிட்டார். நிரல் ஒரு வரிகூட எழுதத் தெரியாதவர். விரலால் கட்டங்களை இழுத்து இழுத்து வைத்தே ஒரு பக்கம் செய்துவிட்டிருந்தார்.

அதில் இருந்தது ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் மற்ற பதினோரு பேருக்கும் ‘பெஞ்சுக்கு வந்துட்டேன், டீக்கு வாங்க’ என்று போய் விழும்.

“விழுது, யாரு பார்க்கிறா? பக்கத்தைத் திறந்து வச்சிருந்தாத்தானே தெரியும்! இங்க ஆளுக்கொரு அறை. கதவைச் சாத்திட்டுக் கிடக்கறாங்க, கத்திக் கூப்பிட எனக்குக் குரல் இல்லை. போன் மூடியிருந்தாலும் மணி அடிக்கணும்மா. டீயைத் தனியாக் குடிச்சா தொண்டையில இறங்க மாட்டேங்குது.”

முதலில் அவள் அந்தப் பக்கத்தையே ஓர் உறைக்குள் போட்டு அனுப்பிப் பார்த்தாள். ‘இது செயலி இல்லை, சட்டை மாட்டிய இணையப் பக்கம்’ என்று மூஞ்சியில் அடித்தாற்போல் திருப்பிவிட்டது செயலிக்கடை. சரியென்று அடியிலிருந்து புதிதாகவே எழுதினாள்.

அதற்கப்புறம் கடை இன்னொரு விதியை நீட்டியது. பன்னிரண்டு பேர், பதினான்கு நாள், ஒருநாள்கூட விடாமல் திறந்து பார்க்க வேண்டும். அது முடிந்தால்தான் மணிக்கு அனுமதி.

பெரியவருக்குப் போன் போட்டாள். “ஐயா, உங்க ஏழாம் நம்பர் இன்னைக்குத் திறக்கவே இல்லை.”

“அவரு இனிமே திறக்க மாட்டாரும்மா. ஏழுக்குப் புதுசா ஒருத்தர் வர்றாரு, அவரைச் சேர்த்துக்குங்க.”

“போன தடவை பதினொண்ணாம் நம்பர். அதுக்கு முன்னாடி மூணாம் நம்பர். உங்க லாட்ஜுல யாருமே நிலையாத் தங்க மாட்டாங்களா?”

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. “தங்கணும்னுதாம்மா எல்லாருக்கும் ஆசை.”

“கூட நாலு பேரைச் சேர்த்து வைங்களேன். ஒருத்தர் விட்டாலும் தாங்கும்.”

“இருக்கறதே பன்னெண்டு இடம்தான். ஆனா ஒண்ணு, இந்த நாலாம் நம்பர் ஒருநாளும் தவற மாட்டான். என்னை நம்புங்க!”

மறுபடி முதல் நாள். தினமும் சாயந்திரம் நாலு மணிக்கு அவரே கூப்பிட்டுவிடுவார். “எத்தனையாம் நாள்மா?”

“ஒன்பது, ஐயா.”

“அடி சக்கை! ஏழாம் நம்பருக்கு விரல் நடுங்குது. நான்தான் கையைப் பிடிச்சு அழுத்த வைக்கிறேன். அது செல்லுமில்ல?”

“செல்லும், செல்லும்.” அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ஏன், உங்க குரல் கம்மியிருக்கு?”

“ஆறின டீயா குடிக்கிறேனில்ல, அதான். சீக்கிரம் மணியைக் கட்டிவிடுங்க.”

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதின்மூன்றாம் நாளும் எல்லாம் பச்சை. வேலை பார்க்கும்போதே நாலு தரம் எட்டிப் பார்த்தாள். கணவன்கூடக் கேலியை விட்டுவிட்டு, “இன்னைக்கும் பன்னெண்டா?” என்று கேட்க ஆரம்பித்திருந்தான்.

பதினான்காம் நாள் மணி நாலாயிற்று; போன் வரவில்லை. ஐந்தும் ஆயிற்று, அன்றைய கணக்கு முடியும் நேரம். திரையைத் திறந்தாள். பதினொன்று பச்சை. சாம்பலாக நின்றது, பெரியவரின் நான்கு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவர் எண்ணை அழுத்தினாள். எடுத்தது ஒரு பெண் குரல்.

“அவர்கிட்டக் குடுங்க! ஊரையே கூட்டி உட்கார வச்சுட்டு, கடைசி நாள் பார்த்து அவரே திறக்கலை. அப்படி என்ன வெட்டி முறிக்கிற வேலை அவருக்கு? அந்த மணிக்காக நான் எத்தனை நாளா மல்லுக்கட்டறேன், தெரியுமா?”

அந்தப் பக்கம் சக்கரம் வைத்த ஏதோ ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்து போனது.

“நான் நர்ஸ் பேசறேன்மா,” என்றது அந்தக் குரல் மெல்ல. “இங்க வந்து சேர்றவங்க யாரும் வீட்டுக்குத் திரும்பறதில்லை. உங்ககிட்ட மட்டும் அதைச் சொல்லக் கூடாதுன்னு எங்க வாயைக் கட்டி வச்சிருந்தாரு.”

செயலிக்காரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் பதினான்கு அழிந்து, ஒன்று என்று வந்து நின்றது.

“நாலாம் படுக்கைக்குப் புதுசா ஒருத்தர் வர்றாரு, சேர்த்துக்குங்கம்மா.”