மழைக்கு நின்ற ஆட்டம்

பழைய வானொலிப் பதிவுகளைச் சேர்ப்பவர்கள் இப்போதெல்லாம் மாற்றாக வீட்டுக் குரல்தான் கேட்கிறார்கள். மழையால் நின்றுபோன ஒரு கிரிக்கெட் வர்ணனைக்காக, என் மனைவி மரகதவல்லி என்னைச் சாப்பிடக் கூப்பிடும் குரலை அவளுக்குத் தெரியாமல் சட்டைப்பையிலிருந்த கைபேசியில் பதிந்து எதிர்வீட்டுச் சேவியருக்குக் கொடுத்துவிட்டேன்.

நேற்று எதிர்வீட்டுக்குப் போய்வந்தவள் கேட்டாள்: "சேவியர் வீட்டுப் பேசுற அடுப்பு என் குரல்ல 'வாங்களேன், ஆறிடும்'னு அவரைக் கூப்பிடுது. எதுக்கு வித்தீங்க?"

"விக்கல வல்லி, மாத்திக்கிட்டேன்" என்றேன், ஏதோ அது கௌரவம் மாதிரி.

"மாத்தி வாங்கினதைப் போடுங்க, கேப்போம்."

போட்டேன். பதிவில் மழை பெய்தது. நடுவில் வர்ணனையாளர் இருமினார். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள், அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

இன்று மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிட வாயைத் திறந்தவள், என் சட்டைப்பையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு கரண்டியால் தட்டைத் தட்டினாள்.