இடம் மாறிய கழி

“மூணாவது கழிய எவனோ பிடுங்கி மாத்தி நட்டிருக்கான்!”

படகுக்காரர் மோட்டாரை அணைத்து மேலே தூக்கிவிட்டார். படகில் இருந்த ஒரே பயணி நர்ஸம்மா. மடியில் தடுப்பூசிப் பெட்டி.

“சரியாத்தானே இருக்கு?”

“என்னம்மா சரி? முந்தாநாள் நானே இறங்கி நட்டது. அந்தப் பட்ட மரத்துக்கு நேரா நட்டேன். இப்ப பாருங்க, பத்தடி தள்ளி நிக்குது.”

மேல் ஆற்றில் பாதித் தூரம் முழங்கால் தண்ணீர்தான். படகு போகிற ஆழம் ஒரு குறுகிய தடத்தில் மட்டும் இருக்கும். அந்தத் தடத்தின் ஓரமாகச் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கழிகளை நட்டு வைத்திருந்தார் படகுக்காரர். கழியை ஒட்டிப் போனால் படகு மிதக்கும். விலகினால் மணலில் உட்கார்ந்துவிடும்.

“யாருங்க இதப் போய் மாத்துவா?”

“வேற யாரு? என் பொண்டாட்டி கூடப் பிறந்த புண்ணியவான்தான்.”

முகவாயால் கரையைக் காட்டினார். அங்கே ஒற்றை அறைக் கட்டடம். மைத்துனனுக்கு ஆற்றின் நீர்மட்டம் அளக்கிற வேலை. ஒண்டிக்கட்டை. “ஒரு நாள் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா அக்கா பிழைச்சிருப்பா” என்று சாவு வீட்டில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். அன்றோடு பேச்சு அறுந்தது. ஆயிற்று, ஐந்து வருஷம். அந்தக் கரைப் பக்கம் படகுக்காரர் தலையைத் திருப்புவதுகூட இல்லை.

“அதுக்காக இப்படியா செய்வாரு?”

“செய்வான். ஆபீஸ்ல என்ன சொல்லியிருக்காங்கன்னு அவனுக்கும் தெரியுமில்ல?”

எல்லோருக்கும் தெரியும். போன மாதம் வேறொரு படகு தரை தட்டிச் சாய்ந்து மருந்தெல்லாம் ஆற்றோடு போயிற்று. இனி எந்தப் படகில் மருந்து நனைந்தாலும் அன்றோடு அதற்கு ஓட்டம் கிடையாது, நர்ஸ் ஜீப்பில் சுற்றுவழியாகப் போகட்டும் என்று உத்தரவு.

ஜீப் வந்தால் நர்ஸம்மாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டமெல்லாம் படகுக்காரருக்குத்தான். வாரத்தில் மூன்று நாள், போக வர நாலு மணி நேரம், நர்ஸம்மா வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள். மற்ற நாளெல்லாம் வீட்டில் அவரும் நாலு சுவரும்தான். சமைக்கும்போது “உப்பு போட்டாச்சா?” என்று உரக்கக் கேட்பார். “போட்டாச்சு” என்று பதில் சொல்வதும் அவரே. இந்த ஓட்டமும் நின்றுபோனால் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடத் தோன்றாது என்று அவருக்குப் பயமாக இருந்தது.

“விடுங்க, கழி இருக்கிற பக்கமாவே போயிடலாம்,” என்றாள் நர்ஸம்மா.

“அவன் காட்டுற வழியிலயா? முப்பது வருஷமா இந்த ஆத்துல கிடக்கேன். எனக்கு வழி சொல்ல அவன் யாரு?”

நீளக் கோலை எடுத்தார். பட்ட மரத்தைக் குறிவைத்து ஓங்கி ஊன்றித் தள்ளினார். ஒவ்வொரு ஊன்றலுக்கும் ஆழம் பார்த்துத் தள்ளுகிற மனிதர், அன்றைக்கு ஆத்திரத்தைத்தான் பார்த்தார்.

கர்ரென்று படகு மணலில் ஏறி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எதிர்த்து வந்த தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே கொட்டியது.

“பெட்டி! பெட்டியத் தூக்குங்கம்மா!”

குதித்து இறங்கி முதுகைக் கொடுத்து முட்டினார். அசையவில்லை. நர்ஸம்மா பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தள்ளாடினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று புலம்பிக்கொண்டே மறுபடி முட்டினார் படகுக்காரர்.

கரையிலிருந்து தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஒரு ஆள் ஓடிவந்தான். மைத்துனனேதான். படகின் பின்பக்கத்தைப் பிடித்தான்.

“முன்னால தள்ளாதீங்க. பின்னால இழுங்க.”

இரண்டே இழுப்பு. படகு மிதந்தது. பெட்டியில் ஒரு சொட்டு படவில்லை.

நர்ஸம்மா மூச்சு வாங்கி முடித்ததும் மைத்துனனைப் பிடித்துக்கொண்டாள். “ஏங்க, ஆயிரம் இருந்தாலும் ஒருத்தர் பிழைப்புல மண்ணைப் போடலாமா? கழிய மாத்தினது நீங்கதானே?”

“நான்தான்.”

“கேட்டுக்கிட்டீங்களா? அவன் வாயாலயே சொல்லிட்டான்!” என்று குதித்தார் படகுக்காரர்.

மைத்துனன் குனிந்து காலடியிலிருந்து ஒரு கை மணலை அள்ளிக் காட்டினான். “நேத்து மேல அணையைத் திறந்தாங்க. மணல் பூரா இங்க வந்து சேர்ந்துடுச்சு. ஆழம் அந்தப் பக்கம் நகர்ந்துபோச்சு. அதான் காலையில கழியையும் நகர்த்தி வெச்சேன்.”

படகுக்காரர் நம்பவில்லை. கழிக்குப் பக்கத்தில் போய்க் கோலை விட்டுப் பார்த்தார். கோல் இடுப்பளவுக்கு இறங்கியது.

“இன்னிக்கு மட்டும்தானா?” என்றாள் நர்ஸம்மா. அவள் குரல் இறங்கியிருந்தது.

“அணை திறக்கிறப்பல்லாம்தான். அஞ்சு வருஷமா. மத்த தடவை ஓரடி, ரெண்டடிதான் நகரும், அதான் இவர் கண்ணுல படல.”

இத்தனை வருஷமும் ஒரு தடவைகூடத் தரை தட்டாத படகு என்று ஊரெல்லாம் மார்தட்டிய மனிதருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கோலையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“என்னைக் கண்டாலே உனக்கு ஆகாதே. அப்புறம் எதுக்குடா மாப்ளே இதெல்லாம்?”

“ஆகாதுதான் மாமா. அக்கா விஷயத்துல எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல.” மைத்துனன் கையிலிருந்த மணலைத் தண்ணீரில் அலசினான். “ஆனா உங்க படகும் நின்னுபோச்சுன்னா, இந்தக் கரையில நான் கோவிச்சுக்கக்கூட ஒரு ஆள் இல்லாமப் போயிடும்.”